லீவரை இழுப்பவர் ஆளைத் தள்ளுவதில்லையே, ஏன்?

கேள்வி: டிராம் வரும் பாதையில் ஐந்து பேர். லீவரை இழுத்தால் டிராம் வேறு தடத்துக்குப் போய், அங்கே நிற்கும் ஒருவர் மட்டும் சாவார். ‘இழுப்பேன்’ என்றவர்களே, பாலத்தில் நிற்பவரைக் கீழே தள்ளி டிராமை நிறுத்தலாமா என்றதும் மறுக்கிறார்கள். கணக்கு ஒன்றுதானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: கணக்கு ஒன்று, காரியம் வேறு. தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967-ல் எழுதிய புதிரில் டிராம் ஓட்டுநர்தான் முடிவெடுக்க வேண்டும். பாலத்து ஆளைக் கொண்டுவந்தவர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன். 42 நாடுகளில் 70,000 பேரிடம் கேட்டு 2020-ல் வெளியான ஆய்வில், லீவரை 81 சதவீதம் பேர் ஏற்றார்கள். தள்ளுவதை 51 சதவீதம்தான்.

தொடுவதுதான் உறுத்துகிறதா? உளவியலாளர் ஜோஷுவா கிரீன் குழு 2009-ல் இதைப் பிரித்துப் பார்த்தது. கையால் தள்ளுவதை ஏற்றவர்கள் 31 சதவீதம். நீளக் கழியால் தள்ளுவதை ஏற்றவர்கள் 33. பாலத்திலேயே ஒரு விசையை இழுத்து, காலடிப் பலகையைத் திறந்து ஆளை விழவைப்பது என்றால் 59. ஆக, தொடுவதல்ல, நம் உடல் பலம் நேரே பாய்வதுதான் உறுத்துகிறது. அதுவும் எப்போதும் இல்லை. லீவரை நோக்கி ஓடும் வழியில் ஒருவர் இடிபட்டு விழுந்து இறக்கிறார் என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். அவர் சாவு அங்கே பக்கவிளைவு. பாலத்து ஆளையோ, நாம் தடுப்புக் கட்டையாகப் பயன்படுத்துகிறோம். பலப்பிரயோகமும் இந்த நோக்கமும் சேரும்போதுதான் மனம் மறுக்கிறது.

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களிடம் இதைச் சோதித்துக் காட்ட நினைக்கிறேன். எப்படி நடத்துவது?
– ஆசிரியர், விருதுநகர்

பதில்: கை தூக்கச் சொல்லாதீர்கள். முதல் வரிசையில் யார் கை எழுகிறதோ, அதைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும். தாளில் எழுதட்டும்.

லீவர் கதை ஒரு தாளில், பாலத்துக் கதை இன்னொன்றில். இரண்டையும் கலந்து கட்டி, ஆளுக்கு ஒன்று மட்டும் கொடுங்கள். இரண்டையும் ஒருவரே படித்தால் வரிசை விளையாடிவிடும்: பாலத்தை முதலில் படித்தவர்கள் பிறகு லீவரை இழுக்கவும் தயங்குவார்கள். லீவரை முதலில் படிப்பதால் பாலத்தின் பதில் அவ்வளவாக மாறுவதில்லை. இதில் தத்துவப் பேராசிரியர்களும் தப்பவில்லை என்று ஷ்விட்ஸ்கெபெல், குஷ்மன் இருவரும் 2012-ல் காட்டினார்கள்.

‘செய்வீர்களா?’, ‘செய்வது சரியா?’ இரண்டும் வேறு கேள்விகள். ஒன்றைத் தேர்ந்து, இரு தாளிலும் அதே சொற்களில் கேளுங்கள். ஒன்றில் ‘காப்பாற்ற’, மற்றதில் ‘கொல்ல’ என்று போட்டால் நீங்கள் அளப்பது அந்தச் சொல்லைத்தான்.

பெரும்பாலும் சொதப்புவது நம்பகத்தன்மையில். ‘ஒரு ஆள் விழுந்தால் டிராம் நின்றுவிடுமா சார்?’ என்று பையன்கள் கேட்பார்கள், நியாயமான சந்தேகம். பெரிய மூட்டை சுமந்தவர், அந்த எடை நிச்சயம் நிறுத்தும், உங்கள் எடை போதாது என்று கதையிலேயே எழுதுங்கள். கடைசியில் ‘தள்ளினால் டிராம் நின்றிருக்கும் என்று நம்பினீர்களா?’ என ஒரு வரி சேருங்கள். ‘இல்லை’ என்றவர்களின் தாள்களைத் தனியே எண்ணுங்கள்.

ஒவ்வொரு கதைக்கும் 20 தாள் என்றால் 10 சதவீத வித்தியாசம் வெறும் இரண்டு பேர். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று செக்‌ஷன்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இங்கிலீஷ் மீடியம் வகுப்பில் ஆங்கிலத்திலேயே கேட்கலாமா?
– அதே ஆசிரியர்

பதில்: வேண்டாம், குறைந்தபட்சம் மொழியைக் கலக்காதீர்கள். ஆல்பர்ட் கோஸ்டா குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தள்ளலாம் என்றவர்கள் தாய்மொழியில் 20 சதவீதம், பின்னால் கற்ற மொழியில் 33. லீவர் கதையில் வித்தியாசமே இல்லை: 81, 80. பின்னால் கற்ற மொழியில் பதற்றம் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம்.

கேள்வி: தாளில் சொல்வதைத்தான் நேரிலும் செய்வார்களா?
– வாசகர், கோவை

பதில்: பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2018-ல் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கூண்டில் ஐந்து, இன்னொன்றில் ஒன்று. 20 விநாடியில் ஐந்துக்கும் ஷாக் அடிக்கும். பொத்தானை அழுத்தினால் ஒன்றுக்கு மட்டும். (உண்மையில் எதற்கும் ஷாக் கொடுக்கவில்லை.) கற்பனையாகக் கேட்டபோது 66 சதவீதம் பேர் அழுத்துவேன் என்றார்கள். கூண்டின் முன்னால் நிறுத்தியபோது 84 சதவீதம் பேர் அழுத்தினார்கள். முன்னதாகப் புதிர்களுக்கு ஒருவர் எழுதிய பதிலை வைத்து, அவர் அழுத்துவாரா என்று கணிக்கவும் முடியவில்லை. எலிக்கே இப்படி என்றால், மனிதர் விஷயத்தில் தாளை நம்பி ஆளை எடைபோடுவது அவசரம்.

கேள்வி: தள்ளுவேன் என்பவர் பொதுநலவாதியா, கல்நெஞ்சரா?
– வாசகி, மதுரை

பதில்: தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து உயிரை எண்ணிப் பார்த்தவரும் ‘தள்ளுவேன்’ என்பார். ஒரு உயிர் போவது உறுத்தாதவரும் அதையேதான் சொல்வார். பார்ட்டெல்ஸ், பிஸாரோ இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இரக்கமின்மைக் குணங்களில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களே தள்ளுவதை அதிகம் ஏற்றார்கள்.