25 ஆண்டுகளாக இயங்கும் புளூ ஆரிஜின் நிறுவனம் நிலவுக்காக உண்மையில் என்னதான் செய்திருக்கிறது?

ஸ்பேஸ்எக்ஸ் ஓர் ஆண்டிலேயே நூற்றைம்பது முறைக்கு மேல் ராக்கெட் ஏவும் காலத்தில், 2000-இல் தொடங்கி 2025 வரை எதையுமே சுற்றுப்பாதைக்கு அனுப்பாத ஒரு நிறுவனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்ற சலிப்பில்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து வேலையை எடைபோடுவோரிடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ராக்கெட் பொறியாளர் அல்லன். மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் வெள்ளை நிறத்தில் உயர்ந்து நிற்கும் திரவ ஆக்சிஜன் தொட்டிகளைப் பராமரிப்பவன். புளூ ஆரிஜினைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸுக்கு வக்காலத்து வாங்கும் அவசியமும் எனக்கில்லை.

புளூ ஆரிஜினின் 98 மீட்டர் உயரமுள்ள நியூ கிளென் ராக்கெட் 2025 ஜனவரி 16 அன்று கேப் கனவரலிலிருந்து முதல் முறை ஏவப்பட்டு, அந்த முயற்சியிலேயே சுற்றுப்பாதையை அடைந்தது. மூன்று நாள் முன்னதாக ஏவ முயன்று கைவிட்டிருந்தார்கள். ஹைட்ராலிக் அமைப்புக்கு ஆற்றல் தரும் துணைக் கருவியின் குழாய் ஒன்றில் பனிக்கட்டி உறைந்ததே காரணம். ஏவிய பின்னும், கீழே இறங்க வேண்டிய முதல் கட்டத்தின் (ராக்கெட்டின் அடிப்பகுதி) இயந்திரங்கள் மீண்டும் உயிர்பெறாததால் அது கடலோடு போயிற்று. பிறகு செய்த திருத்தங்களும் பெரும்பாலும் திரவ எரிபொருளைக் கையாளும் முறை பற்றியவையே. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று, செவ்வாய்க்குச் செல்லும் நாசாவின் எஸ்கபேட் இரட்டைக் கலங்களை ஏவியபோது, முதல் கட்டம் கடலில் காத்திருந்த கப்பலின் மேல் நேராக வந்து நின்றது. அந்தக் கட்டத்தை உந்தும் ஏழு பிஇ-4 இயந்திரங்களின் இரு உடன்பிறப்புகள், 2024 ஜனவரியிலேயே இன்னொரு போட்டி நிறுவனமான யூஎல்ஏ-வின் வல்கன் ராக்கெட்டைத் தூக்கிச் சென்றுவிட்டன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிலவுக்கான வேலை என்று நான் கருதுவது இதற்கடுத்ததைத்தான். இந்நிறுவனம் நிலவில் இறங்குவதற்காக உருவாக்கும் புளூ மூன் கலம் திரவ ஹைட்ரஜனில் இயங்குவது. ஸ்பேஸ்எக்ஸ் தன் நிலவுக் கலத்துக்குப் பயன்படுத்தும் மீத்தேனை மைனஸ் 162 பாகை செல்சியஸில் திரவமாக வைத்திருக்கலாம்; ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 வேண்டும். அந்தக் குளிரில் நாம் மூச்சுவிடும் காற்றே கல்லாக உறைந்துவிடும். ராக்கெட்டின் மேல்கட்டம் அதைச் சில மணி நேரம் காத்தால் போதும். நிலவுக்குப் போகும் கலம் ஒரு பக்கம் வெயில் சுட, நாட்கணக்கில் காக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்கு ஆக்சிஜனிலேயே தெரியும். அது மைனஸ் 183 மட்டுமே. எங்கள் தொட்டிக்கு இரட்டைச் சுவர் உண்டு. இடையே வெப்பத்தைத் தடுக்கும் பெர்லைட் தூளை நிரப்பிக் காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். உள்ளே என்ன குளிர் இருந்தாலும் வெளிச்சுவரைத் தொட்டால் வெயிலில் நின்ற இரும்பாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையில், காலை ஒன்பது மணி வெயிலிலும் தொட்டியின் அடிவயிற்றில் முறத்தளவுக்கு வெண்பனி பூத்திருந்ததைக் கண்டேன். வெற்றிடம் போய்விட்டது என்று அதற்குப் பொருள். திரவம் கொதித்து அழுத்தம் ஏற, சேஃப்டி வால்வு விட்டுவிட்டுச் சீறிக்கொண்டிருந்தது. உடனே நிறுத்திப் பழுதுபார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் மேலாளர், வாயு தடையின்றி வருகிறதல்லவா, அடுத்த இடத்துக்குக் கிளம்புங்கள் என்றார். எங்கள் மாத அறிக்கைப் படிவத்தில் எத்தனை இடங்களுக்குச் சென்றோம் என்பதற்குக் கட்டம் இருந்தது. வெற்றிட அளவை எழுதக் கட்டமே கிடையாது. காற்றில் போன ஆக்சிஜனுக்கும் சேர்த்து வாடிக்கையாளர்தான் பணம் கட்டினார். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இவ்வளவு தொல்லை தரும் ஹைட்ரஜனை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கலாம். 2019-இல் இந்தக் கலத்தை அறிமுகப்படுத்தியபோதே பெசோஸ் சொன்ன காரணம், நிலவின் தென்துருவத்துப் பனிக்கட்டியிலிருந்து ஒரு நாள் ஹைட்ரஜனை அங்கேயே எடுக்கலாம் என்பது. அது நடக்கும்போது பார்க்கலாம். ஆனால் எரிபொருள் தேர்வில் தெளிவான கணக்கு இருக்கிறது.

புளூ மூனில் சரக்குக்கான மார்க் 1 கலம் ஏறக்குறைய 8 மீட்டர் உயரம். விண்வெளியில் எரிபொருள் நிரப்பாமலே, ஒரே நியூ கிளென் பயணத்தில் சென்று மூன்று டன் வரை நிலவில் இறக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. நாசா 2024-இல் கைவிட்ட, பனிக்கட்டி தேடும் வைப்பர் ஊர்தியை இவ்வகைக் கலத்தில் கொண்டுசேர்க்கும் பணி 2025 செப்டம்பரில் இந்நிறுவனத்திடம் தரப்பட்டது. மனிதர்களுக்கான மார்க் 2 இதைப் போல இரு மடங்கு உயரம். 2023 மே மாதம் நாசா அதற்கு 340 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. அதற்கோ வழியில் எரிபொருள் நிரப்பியாக வேண்டும், அதாவது ஹைட்ரஜனை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு விண்வெளியில் மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்தின் கழுத்து இங்கேதான் மாட்டியிருக்கிறது. தரையில் ஒரு குழாய் இணைப்பைக் கசிவில்லாமல் பூட்டவே நாங்கள் திணறுகிறோம்.

ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் எத்தனை முறை பறந்தது, அந்நிறுவனம் 2008-லேயே சுற்றுப்பாதையை எட்டியது என்றெல்லாம் கீழே பின்னூட்டத்தில் எனக்குப் பாடம் எடுக்க வருபவர்கள், ஹைட்ரஜன் தொட்டியின் ஆவியிழப்பு பற்றி ஏதாவது தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன்.