கஷ்டத்தில் வரும் சோதனை கடவுள் அனுப்புவதா?

திருகோணமலையில் கடற்றொழில் செய்யும் தம்பி ஒருவரின் கேள்வி: வாடைக்காலத்தில் கடலுக்குப் போக வழியில்லை, கடன் நெருக்குகிறது, டைனமைட் போட்டு மீன்பிடிக்கக் கூட்டாளி கூப்பிடுகிறான். கடவுள்தான் இப்படிச் சோதிக்கிறாரா?

இல்லை தம்பி. கடவுள் யாரையும் தீமைக்கு இழுப்பதில்லை, இழுப்பது நம் ஆசைதான் என்கிறது பைபிளில் யாக்கோபு 1:13-14. பசி பாவமல்ல. 40 நாள் நோன்பிருந்த இயேசுவுக்கும் பசித்தது. ஆனாலும் சாத்தான் சொன்னபடி கல்லை அப்பமாக்கவில்லை.

கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், விசுவாசம் அதில்தான் உரம் பெறும். கூட்டாளிக்கு மட்டும் இன்றே முடியாது என்று சொல்லிவிடுங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் விடிவதற்குள் மனம் கரைந்துவிடும். தப்பும் வழியையும் கடவுள் தருவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்கிறது. பெரும்பாலும் அந்த வழி ஒரு மனிதராகத்தான் வரும். கடன் தந்தவரிடம் தவணை கேளுங்கள். அப்புறம் உங்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ மறைக்காமல் பேசுங்கள்.