எட்டு சதவீத ஏற்றம் என்பது எவ்வளவு?

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய ஒளிபரப்பில், ஒரு மலைச்சாலையைப் பற்றி "ஆல்ப் துவேஸ், 13.8 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 8.1 சதவீதம்" என்று திரையில் காட்டினார்கள். நூற்றுக்கு எட்டு என்பது எனக்குச் சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. வீரர்களின் முகங்களோ வேறு கதை சொல்கின்றன. நூறு சதவீதம் என்றால் செங்குத்தான சுவரா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. கிடைமட்டமாக 100 மீட்டர் முன்னேறுவதற்குள் எத்தனை மீட்டர் உயர்கிறோம் என்பதையே இந்தச் சதவீதம் குறிக்கிறது. அந்தக் கணக்கின்படி நூறு சதவீத ஏற்றம் 45 பாகைச் சரிவுதான்; செங்குத்தான சுவருக்கு இந்த முறையில் எண்ணே தர இயலாது. மிகச் செங்குத்தான தெருவாகப் பெயர்பெற்ற, நியூசிலாந்தின் டனீடன் நகரத்து பால்ட்வின் தெருகூட ஏறத்தாழ 35 சதவீதமே.

எட்டு சதவீதம் என்பது ஐந்து பாகைக்கும் குறைவான சாய்வு. கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது, கால்களுக்குத்தான் தெரியும். அத்தகைய சாலையில் ஒரு கிலோமீட்டர் சென்றால் 80 மீட்டர் உயர்ந்திருப்போம். மாடி ஒன்றுக்கு மூன்று மீட்டர் எனக் கொண்டால், சைக்கிளையும் சுமந்துகொண்டு இருபத்தாறு மாடி ஏறியதற்கு அது சமம். ஆல்ப் துவேஸ் முழுவதும் ஏறினால் 370 மாடிகள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ எடை என்றால், சமதரையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சுமார் 15 வாட் திறன் போதும்; எட்டு சதவீத ஏற்றத்தில் அதே வேகத்தில் செல்ல ஏறத்தாழ 190 வாட் வேண்டும். சமதரையில் வேகமாகச் செல்பவருக்குக் காற்றுதான் முதல் எதிரி. மலையில் அந்த இடத்தைப் புவியீர்ப்பு பிடித்துக்கொள்கிறது. எடை குறைந்த வீரர்கள் மலைகளில் முந்துவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: பிரான்சின் மோன் வாந்தூ மலையின் சராசரி 7.5 சதவீதம்தானே? ஆல்ப் துவேஸை விடக் குறைவாக இருந்தும் அதற்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள்?

பதில்: சராசரி என்ற எண் மறைத்துவிடும் செய்தியை இந்த மலையைப் போல விளக்கிக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை என்று கருதுகிறேன். பெதுவாங் என்ற ஊரிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தூரத்தில் 1,600 மீட்டர் உயர வேண்டும். முதல் ஆறு கிலோமீட்டரில் சாலை திராட்சைத் தோட்டங்களின் ஊடே நான்கைந்து சதவீத ஏற்றத்தில் மென்மையாகச் செல்கிறது. சராசரியைக் கீழே இழுப்பது இந்தப் பகுதிதான். சேன் எஸ்தேவ் வளைவைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும், ஒன்பது சதவீதத்துக்குக் குறையாத சராசரியில், மூச்சு வாங்கச் சமதளம் எதையும் தராமல், ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் சாலை ஏறிக்கொண்டே போகிறது. அதற்கும் மேலே கடைசி ஆறு கிலோமீட்டர் மரமற்ற வெண்சுண்ணாம்புக் கல்வெளி. வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் அங்கே ஒதுங்க இடமில்லை. 1967 ஜூலை 13 அன்று பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் உச்சியை நெருங்கும் வேளையில் சரிந்து விழுந்து இறந்தது இந்த வெளியில்தான். அவர் ஊக்கமருந்து உட்கொண்டிருந்ததும் அன்றைய கடும் வெப்பமும் அதற்குக் காரணங்களாயின.

ஆல்ப் துவேஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் சாலை சற்றே தணிகிறது. அந்தச் சில நொடிகள்கூடக் கால்களுக்குப் பெரிய உதவி. ஆகவே ஒரு மலையைப் பற்றிக் கேட்கும்போது சராசரியோடு நின்றுவிடாமல், கிலோமீட்டர் வாரியாக ஏற்றம் எப்படி மாறுகிறது என்றும் கேளுங்கள்.

கேள்வி: ஏற்றங்களுக்கு 4, 3, 2, 1 என்று வகை எண் இடுகிறார்களே, அவற்றில் எது கடினம்?

பதில்: நான்காவது வகை எளியது, ஒன்றாவது வகை கடினமானது. அதற்கும் மேலாக, வகைப்பாட்டைக் கடந்தவை என்று பொருள்படும் பிரிவை 1979 முதல் டூர் டி பிரான்ஸ் பயன்படுத்துகிறது. மேலே சொன்ன இரு மலைகளும் அந்தப் பிரிவைச் சேர்ந்தவை.

கேள்வி: என் சைக்கிளில் கியர் கிடையாது. கியர் சைக்கிள் வாங்கினால் ஏற்காடு மலை ஏறுவது எளிதாகுமா?

பதில்: மலை ஏறுவதற்கான மொத்த உழைப்பு ஒரு துளியும் குறையாது, ஆனால் அந்த உழைப்பைச் சிறு சிறு தவணைகளாகச் செலுத்த முடியும். முன்னால் பெடலோடு சுழலும் செயின்வீலில் 44 பற்களும் பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலில் 18 பற்களும் உள்ள சாதாரண சைக்கிளில் பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் அளவு நகரும். எட்டு சதவீத ஏற்றத்தில் அது உங்களை ஒரே சுற்றில் 43 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருப்பதால்தான், எழுந்து நின்று மிதித்தாலும் பெடல் நகர மறுக்கிறது. முன்னும் பின்னும் 34 பற்கள் உள்ள கியரில் அதே சுற்று 17 சென்டிமீட்டர் மட்டுமே உயர்த்தும். உட்கார்ந்தபடியே, நிமிடத்துக்கு அறுபது சுற்று என்ற அளவில் மிதித்துச் செல்லலாம். ஆகவே வாங்கும்போது கியர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், பின்னால் உள்ள மிகப்பெரிய பற்சக்கரத்தில் எத்தனை பற்கள் என்பதையே கவனியுங்கள்; முன்னால் உள்ள மிகச்சிறிய பற்சக்கரத்துக்கு அது சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் ஏற்காட்டுச் சாலைக்குப் போதும்.