மீந்த குழம்பும் மிளகாய்த்தூளும்

கேள்வி: மீதமாகும் இறைச்சிக் குழம்பை என் மாமியார் ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. காரம் தூக்கலாக இருந்தால் கிருமி அண்டாது என்று இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூளைக் கலந்து, இரவு முழுக்க அடுப்படியிலேயே விட்டுவிடுகிறார். என் கணவரும் ஏதோ ஒரு வீடியோவைக் காட்டி அம்மாவுக்கு ஒத்து ஊதுகிறார். எப்படியும் மறுநாள் அதை அத்தைதான் லேசாகச் சூடாக்கிச் சாப்பிடுவார், எங்களுக்குப் புதிதாகச் சமைத்துவிடுவேன். ஆனாலும் மிளகாய் கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா? அத்தையிடம் காட்ட உங்கள் பதில் வேண்டும்.

பதில்: வாதத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். அந்த ஜெயிப்பை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வீடியோவில் சொல்வது முழுப் பொய் அல்ல. காரத்தைத் தரும் கேப்சைசினைச் செடி தன் விதையைக் காக்கவும் பயன்படுத்துகிறது. பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்தவர்கள் 2008-ல் இதைக் காட்டினார்கள். பூச்சி துளைத்த ஓட்டை வழியாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சை உள்ளே போய் விதையைக் கெடுக்கிறது. காரமான காயில் அந்தச் சேதம் குறைவு. ஆய்வகத்தில் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் கேப்சைசின் தடுக்கிறது. ஆனால் அங்கே பயன்படுத்துவது செறிவான சாறு. அந்த அளவு காரம் குழம்பில் இருந்தால் யாராலும் வாயில் வைக்க முடியாது. வெப்ப நாட்டுக்காரர்கள் மசாலாவை அதிகம் சேர்ப்பது கிருமியைத் தடுக்கத்தான் என்று 1998-ல் ஒரு கருத்து வந்தது. 2021-ல் பல நாட்டுச் சமையல்களை வைத்து அதைச் சோதித்தவர்களுக்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் நடப்பது வேறு. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள், கொதியிலும் சாகாது. பெரிய பாத்திரத்து இறைச்சி மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா வளர்ந்து நஞ்சை விட்டுவிட்டால் மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாசனையில் ஒன்றும் தெரியாது. அப்புறம் அந்த மிளகாய்த்தூள்! காயவைத்து அரைத்த தூளிலேயே பாக்டீரியா வித்துகள் இருப்பது சகஜம், சில சமயம் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியும் இருக்கும். சமைத்து முடித்த பிறகு அதைக் கலப்பது கிருமியை நாமே கொண்டுபோய்ப் போடுவதுதான்.

சரி, இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "எப்படியும் மறுநாள் அதை அத்தைதான் சாப்பிடுவார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கெட்டுப்போயிருக்கலாம் என்று நீங்களே சந்தேகப்படும் உணவு தினமும் ஒருவருடைய தட்டுக்கு மட்டும் போகிறது. உங்களுக்கும் கணவருக்கும் புதுச் சமையல். இதை எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லையா? உணவு நஞ்சானால் வயதானவர்களைத்தான் அது மோசமாகத் தாக்கும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் அவர்கள் உடல் தாங்காது. அவர் எதற்காக மிளகாயைக் கொட்டுகிறார் என்று நினைக்கிறீர்கள்? வீணாகக் கூடாது என்று நேற்றையதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டவர், அது நல்ல சாப்பாடுதான் என்று தனக்கே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டாமா?

உங்கள் கணவரையும் சும்மா விட எனக்கு மனமில்லை. அம்மா பழையதைச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தும் வீடியோ தேடிக் கொடுக்கிற மகன்! வளர்த்தவருக்கு வீட்டில் சமைத்த முதல் சோறு போக வேண்டும் என்று நினைப்பவள் நான். இதைப் பழைய காலத்துப் பேச்சு என்றால் என்னுடையது பழைய காலத்துப் பேச்சுதான்.

இந்தப் பதிலை அத்தையிடம் காட்ட வேண்டாம். மூன்று பேருக்குத் தேவையான அளவு மட்டும் சமையுங்கள். மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து நீங்களே ஃபிரிட்ஜில் வையுங்கள். இடமில்லை என்றால் குளிர்பானப் பாட்டில்களை வெளியே எடுங்கள். மறுநாள் நடுவரை ஆவி பறக்கக் கொதிக்கவிட்டு மூன்று தட்டிலும் பரிமாறுங்கள், உங்கள் தட்டையும் சேர்த்து. இரவு முழுக்க வெளியே கிடந்ததைக் குப்பையில் கொட்டுங்கள். அத்தை கோபித்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது அவருடைய மகன்.