இரவு ஷிப்ட் வாரத்தில் வேதம் வாசிப்பது எப்போது?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூன்று ஷிப்ட் வேலை. ஒவ்வொரு ஜனவரியும் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்குகிறேன், பிப்ரவரியில் நின்றுவிடுகிறது. காலையில் எழுந்ததும் முதலில் வேதம் வாசிக்கச் சொல்கிறார் போதகர். இரவு ஷிப்ட் வாரத்தில் எனக்கு எது காலை? - வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: அதிகாலை நல்ல நேரம்தான், போதகர் சொல்வதில் தவறில்லை. ஆனால் அது கட்டளை இல்லை. 119-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். 62-ஆம் வசனத்தில் பாதிராத்திரியில் எழுந்து துதிக்கிறார், 147-இல் விடியுமுன் எழுந்து கூப்பிடுகிறார், 97-இல் நாள் முழுவதும் தியானம். சங்கீதக்காரனுக்கும் ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்திருக்கும் போல!

அதனால் மணி பார்க்க வேண்டாம். எந்த ஷிப்டிலும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட உட்காருவதற்கு முன் என்பது உங்களுக்கு ஒத்துவரும். சாப்பிட்ட பிறகு என்றால் இரவு ஷிப்ட் முடித்தவருக்கு உடனே தூக்கம்தான். கம்பெனி பஸ்ஸில் போனில் கேட்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், முதுநகர் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். வீட்டில் அச்சுப் புத்தகத்தையே எடுங்கள். போனைத் திறந்தால் வாட்ஸ்அப் முந்திக்கொள்ளும்.

அப்புறம் அந்த பிப்ரவரி விஷயம். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க தினமும் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று போனால், பிப்ரவரி பிறக்கும்போது சரியாக லேவியராகமத்தின் பலிமுறைகளில் வந்து நிற்பீர்கள். விசுவாசம் குறைந்ததால் அல்ல, திட்டம் பொருந்தாததால் நின்றீர்கள். வருடப்பிறப்பு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு, அந்த ஒரு வசனத்தோடு வருடத்தை ஓட்டுகிற வீடுகளும் நம்மிடம் நிறைய உண்டு. நீங்கள் பிப்ரவரி வரையாவது வந்தீர்களே.

புதிய ஏற்பாட்டில் மட்டும் தொடங்குங்கள். அதில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வாசித்தால் 52 வாரத்தில் கணக்கு சரியாக முடியும். மீதி இரண்டு நாள் உங்கள் கையிருப்பு. ஷிப்ட் மாறுகிற நாள், ஓவர்டைம் விழுகிற நாள் எல்லாம் அதில் அடங்கிவிடும். முதலில் மாற்கு, 16 அதிகாரம்தான், நடை வேகமாகப் போகும். அடுத்து லூக்கா, அப்போஸ்தலர்.

அதையும் மீறி ஒரு வாரமே விட்டுப்போனால்? விட்டதையெல்லாம் ஒரே ஞாயிறு மதியம் உட்கார்ந்து ஈடுகட்டாதீர்கள். அது கடன் அடைப்பது போலாகிவிடும், அடுத்த வாரம் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. அன்றைக்கு உள்ள அதிகாரத்திலிருந்து போங்கள். ஒரு வசனம் பிடித்துக்கொண்டால் அங்கேயே நில்லுங்கள், அதிகாரம் முடியாவிட்டாலும் பரவாயில்லை.

லேவியராகமத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபத்தின் 9, 10 அதிகாரங்களை வாசிக்கும் வாரத்தில் லேவியராகமம் 16-ஐயும் பக்கத்தில் திறந்துவையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் பலியின் இரத்தத்தோடு ஆசரிப்புக் கூடாரத்தின் திரைக்கு உட்புறம் போவது அங்கே இருக்கிறது. எபிரெயர் அதைத்தான் விளக்குகிறது.