ஆளைப் படிக்க வந்தவளுக்கு எதற்குச் சராசரி?

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "மனுஷங்களைப் புரிஞ்சுக்கத்தான் சைக்காலஜி எடுத்தேன் மேடம். இங்கே மனுஷங்களையே காணோம், சராசரியும் திட்டவிலக்கமும்தான் இருக்கு" என்று எழுதியிருக்கிறாய். புள்ளியியல் தாளில் அரியர் விழுந்துவிட்டது, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறாய். அப்பா அன்றைக்கே பி.காம். சேரச் சொன்னதை இப்போது தினமும் நினைவுபடுத்துகிறார் போல.

இப்போதைக்கு மாறாதே. உன் மனக்குறை படிப்பு பிடிக்காததால் வந்தது இல்லை. இந்தத் துறையே நூறு வருடங்களுக்கு மேலாக தனக்குள் நடத்திவரும் வாதம் அது. 1894இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் விண்டல்பாண்ட் என்ற தத்துவப் பேராசிரியர், அறிவைத் தேடுவதில் இரண்டு வழி உண்டு என்றார். எல்லோருக்கும் பொருந்தும் விதியைத் தேடுவது ஒன்று, அதற்கு நோமோதெடிக் என்று பெயர் வைத்தார். ஒரே ஒரு முறை நிகழ்ந்ததை அதன் தனித்தன்மையோடு அறிவது இன்னொன்று, அது இடியோகிராஃபிக். ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1937இல் ஆளுமை பற்றிய தன் நூலில் இந்தச் சொற்களை உளவியலுக்குள் கொண்டுவந்து, தனி மனிதனை விட்டுவிட்டு ஆளுமையைப் படிக்க முடியாது என்று வாதாடினார். அதாவது, நீ கேட்டது ஆல்போர்ட் கேட்டதுதான்.

சரி, அப்படியானால் சராசரி எதற்கு? ஒரு பள்ளிக்கூட அறையை நினைத்துக்கொள். இரண்டு குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை நடக்கிறது. இருவருக்கும் 85 வருகிறது. அந்த 85 தன்னளவில் ஒன்றுமே சொல்லாது. சராசரி 100, திட்டவிலக்கம் (அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) 15 என்று தெரிந்தால்தான், அந்த வயதில் நூறு பேரை எடுத்தால் சுமார் 16 பேர் இதற்குக் கீழே இருப்பார்கள் என்று புரியும். பதறுகிற பெற்றோரிடம் எவ்வளவு பதற வேண்டும் என்று சொல்ல இந்த அறிவு இல்லாமல் முடியாது. ஆனால் ஒரு குழந்தை ஸ்டாப்வாட்சைப் பார்த்தாலே கை நடுங்கி நின்றுவிடுகிறது. இன்னொன்றுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை, கேள்வி பாதிதான் போய்ச் சேருகிறது. மதிப்பெண் ஒன்றுதான், செய்ய வேண்டியது வேறு வேறு. அது எந்த அட்டவணையிலும் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புள்ளியியல் என்றாலே கூட்டம், கேஸ் ஸ்டடி என்றாலே ஓர் ஆள் என்று நினைத்திருக்கிறாய். அப்படி இல்லை. ஜென்னி என்று பெயர் மாற்றப்பட்ட ஒரு வயதான பெண், தன் மகனின் கல்லூரி நண்பருக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய 301 கடிதங்கள் ஆல்போர்ட்டுக்குக் கிடைத்தன. தனிமை, மகன் மீது கோபம், பணக்கவலை எல்லாம் அதில் இருந்தன. 36 பேரைப் படிக்கவைத்து, ஜென்னியின் குணங்களை எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியவை எட்டுத் தொகுதிகளில் அடங்கின. பிறகு ஜெஃப்ரி பேஜ் என்ற ஆய்வாளர் அதே கடிதங்களின் சொற்களைக் கணினியில் எண்ணி, எவை எவை சேர்ந்தே வருகின்றன என்று தொகுத்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு செய்தார். அவருக்கும் எட்டு காரணிகள் கிடைத்தன, பெரும்பாலானவை அந்த 36 பேர் சொன்னதோடு ஒத்துப்போயின. ஒரே ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ளத்தான் அத்தனை கணக்கும்! இதைப் படித்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. வலிப்புக்காக 1953இல் மூளையில் அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற ஒருவருக்குப் புதிய நினைவுகள் தங்காமல் போயின. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லாமல். நினைவு ஒரே வகை இல்லை என்ற பொது உண்மைக்கு அந்த ஒரு மனிதர் வழி காட்டினார்.

ஒரு விஷயத்தில் உன்னை எச்சரிக்க வேண்டும், அதில் நானே தவறியிருக்கிறேன். தொழிலின் முதல் சில வருடங்களில், பிள்ளைகளோடு அரைமணி நேரம் பேசினாலே 'இவனுக்கு இது வரும், இவளுக்கு அது வராது' என்று உறுதியாகச் சொல்வேன். அப்புறம்தான் பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதியதைப் படித்தேன். எதிர்காலத்தைக் கணிப்பதில் நிபுணரின் உள்ளுணர்வும் எளிய சூத்திரமும் மோதிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், சூத்திரம் பெரும்பாலும் சமமாகவோ மேலாகவோ இருந்தது. அன்றிலிருந்து என் கணிப்புகளை எழுதிவைத்து, பிறகு சரிபார்க்கிறேன். தனி ஆளைப் படிக்கிறேன் என்பது மனதில் பட்டதைச் சொல்வதற்கான அனுமதி இல்லை, அம்மா.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி ஆலோசகர், மருத்துவ உளவியலாளர் பணிகளில் நாள் முழுவதும் ஓர் ஆள், அவர் வீடு, அவர் கதைதான். உன் மனம் அங்கேதான் போகிறது என்று நினைக்கிறேன். மருத்துவ உளவியலாளர் ஆக இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதில் பதிவும் வேண்டும். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், சேரும் ஆண்டில் கவுன்சிலின் பட்டியலை நேரடியாகப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. சோதனைகள் வடிவமைப்பது, ஆட்தேர்வு, சந்தை ஆய்வு போன்றவை எண் பிடித்தவர்களுக்கான பக்கம். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் முதுகலையில் ஆய்வுக்கட்டுரை உண்டு, புள்ளியியல் அங்கேயும் வரும். அரியரை எழுதி முடித்தே ஆக வேண்டும்.

அதற்கு முன் ஒன்று செய். வீட்டில் பாட்டி இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் அனுமதி கேட்டு 30 நாள் குறிப்பெடு. எத்தனை மணி நேரம் தூங்கினார், அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு எத்தனை. கூடவே அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே இரண்டு வரி. முடிவில் மனசுக்குப் போட்ட அந்த 30 எண்களுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் போடு. எந்த நாட்களில் எண் கீழே விழுந்தது, அன்று பாட்டி என்ன சொன்னார் என்று பக்கத்தில் வைத்துப் பார்.

நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. டி.சி. பேச்சை அதுவரை ஒத்திவைக்கும்படி அவரிடம் இந்த வாரமே போனில் சொல்கிறேன்.