காற்பந்து தெரியாத வீட்டுக்காரிக்கு லிவர்பூல் என்ன உறவு?

கேள்வி: எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை இங்கிலாந்தின் ஆர்சனல் குழுவுக்கு ரசிகர். குழு தோற்றால் மறுநாள் முழுக்கச் சரியாகப் பேசமாட்டார். போய்ப் பார்த்தே இராத ஊர்க் குழுவுக்காக சிங்கப்பூரில் ஒருவர் ஏன் இப்படி உருக வேண்டும்? எனக்குக் காற்பந்து சுத்தமாகத் தெரியாது. எப்படிச் சமாளிப்பது?

எனக்கும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் கணவர் உப்புப் புட்டியையும் சாஸ் போத்தலையும் மேசையில் நகர்த்தி விளக்கியிருக்கிறார். விளக்கும்போது புரியும், ஆட்டத்தில் கொடியைத் தூக்கும்போது புரியாது. லிவர்பூல் ரசிகரான கணவர், சிங்கப்பூர்க் குழுவுக்கு அவரைவிட முற்றிய ரசிகரான மாமனார் இருவரோடும் ஒரே வீவக அடுக்குமாடி வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள் என்ற தகுதியில்தான் இந்தப் பதில்.

உங்களவருக்கு ஆர்சனல் பொழுதுபோக்கு இல்லை. கூடப் பிறந்தது. பிடித்திருக்கிறதா என்று யோசித்து வைத்துக்கொள்வதல்ல, இருக்கிறது, அவ்வளவுதான். கல்யாணம் ஆனதும் உங்களுக்கு அது நாத்தனார். பாசம் பொழிய வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இன்றைக்கு அவள் என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று தெரியாமல் அந்த வீட்டில் காலம் தள்ள முடியாது. இன்னொன்று, குறை சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். மேனேஜர் மடையன், அந்தத் தடுப்பாட்டக்காரனை விற்றுத் தொலைக்கணும் என்று அவர் மணிக்கணக்கில் திட்டுவார். நீங்கள் "ஆமா, மோசம்தான்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கே வேறு.

"பார்த்தே இராத ஊர்" என்கிறீர்கள். என் மாமாவும் மகனிடம் அதையேதான் கேட்பார்: "அவனுங்களுக்கு நம்ம பேரு தெரியுமா?" மாமாவின் குழு காலாங்கில் இருந்தது. 1973இல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தில், மலேசிய மாநிலக் குழுக்களோடு சிங்கப்பூரும் மோதிய மலேசியக் கிண்ண ஆட்டம் என்றால் ஐம்பதாயிரம் பேர் கூடுவார்களாம். அந்தக் கூச்சலுக்கு 'காலாங் ரோர்' என்று பெயரே உண்டு. மூலையிலிருந்து அடித்த பந்தை அப்படியே வளைத்துக் கோலுக்குள் விட்ட எஸ். ராஜகோபாலைப் பற்றி மாமா பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். அப்புறம் வி. சுந்தரமூர்த்தி. தேக்காவில் எதிரே வந்தால் நிறுத்திப் பேசலாம் என்கிற தூரத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் அவர்கள். 1994இல் ஷா ஆலமில் பாஹாங்கை 4-0 என்று அடித்த இறுதியாட்டம் எங்கள் வீட்டில் இன்னமும் முடியவில்லை. அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி அகமது கேப்டன், அதே ஆண்டு லீக் பட்டமும் சிங்கப்பூருக்கு.

அத்தோடு சிங்கப்பூர் அந்தப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996இல் உள்ளூர் எஸ்-லீக் தொடங்கியபோது மாமா கொஞ்ச நாள் போனார், பிறகு விட்டுவிட்டார். சிலாங்கூரும் ஜோகூரும் எதிரில் இல்லாத ஆட்டத்தில் அவருக்கு உப்பில்லை. தேசியக் குழுவை மட்டும் விடவில்லை. 1998இல் ஹனோயில் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டுப் போன பந்து சிங்கப்பூருக்குத் தென்கிழக்காசிய நாடுகளின் டைகர் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தது. அதற்கு என் மாமியார்கூட பாயசம் வைத்தாராம்.

என் கணவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். அவர் வயதுப் பையன்களுக்கு அப்பாக்களிடமிருந்து ஆதரிக்கும் பழக்கம் தொற்றிவிட்டது. ஆனால் வாராவாரம் ஆதரிக்கக் கைக்கெட்டிய குழு இல்லாமல் போய்விட்டது. இங்கிலாந்து ஆட்டங்கள் தொலைக்காட்சியில் முன்பே வந்துகொண்டுதான் இருந்தன, காலியான நாற்காலியில் அவை உட்கார்ந்துகொண்டன. இது என் கணிப்புதான், மாமா ஒத்துக்கொள்வதில்லை. சரி, ஏன் குறிப்பாக லிவர்பூல்? அண்ணன் மான்செஸ்டர் யுனைடெட், அதனால் தம்பி லிவர்பூல். வேறு காரணமே கிடையாது.

இந்த அண்ணன் தம்பி விஷயம் எனக்கு 2005 மே மாதம்தான் புரிந்தது. இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் குழுக்களின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், நமக்கு அதிகாலை 2.45க்கு. விடிந்தால் வியாழன், வேலை நாள். முதல் பாதியில் ஏசி மிலான் மூன்று கோல் போட்டுவிட்டது. படுக்க வாங்க என்றேன், அசையவில்லை. இரண்டாம் பாதியில் ஆறே நிமிடத்தில் லிவர்பூலும் மூன்று. கடைசியில் பெனால்டியில் ஜெயித்தபோது மணி ஐந்தரை. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எதிர் புளோக்கிலும் யாரோ கத்தினார்கள். உடனே கணவர் அண்ணனுக்குத் தொலைபேசி அடித்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அண்ணன். யுனைடெட் ரசிகருக்கு லிவர்பூல் ஆட்டத்தில் விடியவிடிய என்ன வேலை? அது தோற்பதைப் பார்க்கத்தான். ஒரு குழுவைப் பிடிப்பதில் பாதி, இன்னொரு குழுவைப் பிடிக்காமல் இருப்பது. சொத்து, உடம்பு, அம்மாவின் சர்க்கரை அளவு எதையும் நேரடியாகப் பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பேரும் இதைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையின் நடுவில் "அம்மா மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று அண்ணன் கேட்டதும் காதில் விழுந்தது.

2020 ஜூனில் இன்னும் விநோதம். முப்பது வருடம் கழித்து லிவர்பூலுக்கு இங்கிலாந்து லீக் பட்டம் உறுதியானது. அந்த இரவு லிவர்பூல் விளையாடவே இல்லை. செல்சி மான்செஸ்டர் சிட்டியைத் தோற்கடித்ததால் கிடைத்த பட்டம். இங்கே கொவிட் கட்டுப்பாடுகளில் இரண்டாம் கட்டத் தளர்வு தொடங்கி ஒரு வாரம், கூட்டம் கூட வழியில்லை. வேறு இரண்டு குழுக்களின் ஆட்டத்தைப் பார்த்து அதிகாலையில் இவர் கண் கலங்கியதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை. நாத்தனாருக்கு முப்பது வருடம் கழித்து நல்லது நடந்தால் சிரிப்போமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தோற்றால் மறுநாள் முழுக்கப் பேசாமல் இருப்பதை நான் ஏற்க மாட்டேன். வருத்தம் அவருடையது, இருக்கட்டும். அதை உங்கள் தலையில் கட்டுவது குழுவின் குற்றம் இல்லை, அவருடைய குணம். எங்கள் வீட்டில் காலைக் கோப்பி வரைக்கும்தான் துக்கம். அதை முதல் சீசனிலேயே சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு பெரிய தொல்லை இல்லை.

ஆனால் அந்த மௌனம் எதனால் என்று கட்டாயம் பாருங்கள். குழு தோற்றதாலா, பணம் போனதாலா? இரண்டும் வேறு. 2014 உலகக் கிண்ணத்தின்போது இங்கே சூதாட்டத்துக்கு எதிராக ஒரு விளம்பரம் வந்ததே, நினைவிருக்கிறதா? என் சேமிப்பை எல்லாம் அப்பா ஜெர்மனி மேல் கட்டிவிட்டார் என்று ஒரு சிறுவன் சோகமாகச் சொல்வான். கடைசியில் ஜெர்மனியே கிண்ணத்தை வென்றுவிட, ஊரே சிரித்தது. சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், விளம்பரம் சொன்னது நிஜம். ரசிகர் தோற்ற குழுவையே அடுத்த வாரமும் பார்ப்பார். பந்தயம் கட்டுகிறவருக்குக் குழு முக்கியமில்லை, விட்டதைப் பிடிக்க வேண்டும். முதலாமவரோடு வாழலாம். இரண்டாமவர் என்றால் கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள்.

நீங்கள் ரசிகையாக மாற வேண்டியதில்லை. நான் மாறவில்லை. 2025 நவம்பரில் சிங்கப்பூர் ஹாங்காங்கை 2-1 என்று அவர்கள் ஊரிலேயே ஜெயித்து, முதல்முறையாகத் தகுதிச்சுற்று வழியாக ஆசியக் கிண்ணத்துக்குப் போன இரவு மட்டும் நானும் எழுந்து நின்று கத்தினேன். 1984இல் போட்டியை நாமே நடத்தியதால் இடம் கிடைத்தது, இது அப்படி இல்லை என்று மாமா விளக்கிக்கொண்டே இருந்தார். மறுநாள் மறுபடியும் எனக்கு ஆஃப்சைடு தெரியாது.

கடைசியாக ஒன்று. தேதி இன்னும் குறிக்கவில்லை என்றால், சீசன் அட்டவணை ஜூன் மாதம் வந்துவிடும், அதையும் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஆட்டம் நமக்கு இரவு பத்து, பதினொன்றுக்கு ஆரம்பிக்கும், சிலது பின்னிரவு ஒன்றரைக்கும் உண்டு. ஞாயிறு காலை கோயிலில் முகூர்த்தம் வைத்தால், மாப்பிள்ளையும் தோழர்களும் எந்தக் கண்ணோடு மேடைக்கு வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.